ஐம்பது பைசா ரெசிஸ்டர்

"கார்டு எரிந்திருக்கிறது, ஆகவே வாரண்டி கிடையாது." என் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டை (திரையில் படம் வரவைக்கும் பலகை) மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு சர்வீஸ் சென்டர் அனுப்பிய பதில் இது. எரியாமல் இருந்தால் நான் ஏன் ஐயா அங்கே தூக்கிக்கொண்டு வரப்போகிறேன்? கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சளியா பிடிக்கும்? ஒரு கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி உறுப்பு) தானாக ஷார்ட் ஆகித் தீய்ந்ததற்கு 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2021ல், கிரிப்டோ நாணயம் தோண்டுகிற மைனிங்காரர்கள் கடைகளைத் துடைத்து வாரிக்கொண்டிருந்த நேரத்தில், 62,000 ரூபாய் கொட்டி வாங்கியது. எரிந்தபோது 3 வருட வாரண்டியில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. கடைசியில், புதுசு வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்!

சரி, நானே பார்க்கிறேன் என்று சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கைக் கழற்றினேன். மின்சாரம் உள்ளே வரும் 8 பின் சாக்கெட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு செராமிக் கெபாசிட்டர் இருந்த இடத்தில் கரிக்குழி. பக்கத்தில், மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான மாஸ்ஃபெட்டின் முகமும் கருகியிருந்தது. ஃபியூஸ் அவுட். ஃபியூஸைத் தாண்டி 12 வோல்ட் லைனில் மல்டிமீட்டரை வைத்தால் விடாமல் கத்துகிறது, அதாவது ஷார்ட். ஆனால் கார்டின் மூளையான சிப்புக்குப் போகிற லைன் ஷார்ட் இல்லை. (அங்கே மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். பெரிய சிப்புக்கு அது இயல்புதான். அதைப் பார்த்து பயந்து நல்ல கார்டைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.) 12 வோல்ட் நேராகச் சிப்புக்குள் பாய்ந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

கருகிய போர்டு தானே மின்சாரம் கடத்தும் என்பதால் கரியைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். மாஸ்ஃபெட்டின் நம்பர் அழிந்துவிட்டது, அதனால் என்ன, அதே வேலையைச் செய்கிற அடுத்த தொகுப்பில் (ஃபேஸ்) அதே சரக்குதானே இருக்கிறது? பார்த்து எழுதிக்கொண்டு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மாஸ்ஃபெட், கெபாசிட்டர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்து 140 ரூபாய்.

மாட்டிக்கொண்டது, மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிற ஒரு ரெசிஸ்டரில். மின்சாரத்தை அளந்து விடும் பவர் கன்ட்ரோலர் ஐசி ஓரத்தில், கடுகை விடச் சின்னது, வெந்துபோயிருக்கிறது. மேலே நம்பரே அடிக்காத ரகம். பார்த்து எழுத ஜோடியும் இல்லை. 10 ஓமா, 10 கிலோ ஓமா? தப்பாகப் போட்டால் இந்த முறை சிப்பே போகும். விலை ஐம்பது பைசா.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். சர்க்கியூட் டயக்ராம் ரகசிய ஆவணமாம். ஒரு ரெசிஸ்டரின் மதிப்பில் என்னய்யா ராணுவ ரகசியம்? அந்தக் கால வால்வு ரேடியோவின் முதுகைத் திறந்தால் உள்ளேயே டயக்ராம் ஒட்டியிருக்கும், எங்கள் தாத்தா வீட்டு ரேடியோவிலேயே பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் மிக்ஸி மோட்டார் எரிந்தால் தெருமுனையில் காயில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே திறந்தது, மின்னணுச் சாதனங்களும் அதன் பட்டியலில் உண்டு. என் கார்டைச் செய்தவர்கள் காதில் அது விழவில்லை போலிருக்கிறது.

இதற்கு நடுவில் நண்பர் ஒருவர் ஃபோன் செய்து, "ஓவனில் வச்சு எடுடா, சரியாயிடும்" என்கிறார். ஓவனில் வைத்தால் கேக் உப்பும். எரிந்துபோன ரெசிஸ்டர் முளைக்காது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்வீஸ் செய்கிற அண்ணன்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். "தம்பி, இதே மாடல்ல செத்த கார்டு ஒண்ணு கொண்டா, அதுல அளந்து போட்டுக்கலாம்." நானும் பத்து நாளாகத் தேடி நேற்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். சிப் போன கார்டு, ஃபேன் கிடையாது, பின்பக்கத் தகடும் கிடையாது.

ஆறாயிரம் கேட்கிறான்.