பழம்தான் போச்சு, படைப்பு போகலை

'52 கோடி கொடுத்து வாங்கிய வாழைப்பழத்தைத் தின்றுவிட்டார், அந்தக் கலைப்படைப்பே ஒழிந்தது' என்று நண்பர் எழுதியிருக்கிறார். விலை கிட்டத்தட்ட சரி. மீதி தவறு.

இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலானின் 'காமெடியன்' 2019-ல் மயாமி கண்காட்சியில் வந்தது. சுவரில் ஒரு பழம், குறுக்கே சாம்பல் நிற டேப், அவ்வளவுதான். விற்பது பழத்தை இல்லை. எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும் ஒரு சான்றிதழும்தான் கைக்கு வரும். பழம் கறுத்தால் வாங்கியவரே வேறொன்றை ஒட்டிக்கொள்ளலாம். மயாமியிலேயே ஒருவர் பிய்த்துத் தின்றார், உடனே புதுப் பழம் ஒட்டினார்கள். 2023-ல் சோல் அருங்காட்சியகத்தில் ஒரு மாணவர் தின்றபோதும் அதே கதைதான். அதனால் 2024 நவம்பரில் 62 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்த கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் ஹாங்காங்கில் தின்று காட்டியதில் அவருக்குப் பைசா நஷ்டமில்லை. ஓசி விளம்பரம் வேறு.

எனக்கு உறைத்தது வேறொன்று. ஏலத்தில் ஒட்டியிருந்த பழம் நியூயார்க்கில் ஏலக்கூடத்துக்கு வெளியே தெருக்கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கியது. விற்ற வங்கதேசப் பெரியவருக்கு மணிக்கு 12 டாலர் கூலி. நம்ம வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் சாயங்காலம் போனால், கறுத்த பழத்தை அடியில் தள்ளி, நல்ல சீப்பை மேலே அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பேரம் பேசுபவரிடம் 'எடுத்துக்கோண்ணா, கட்டுப்படி ஆகலை' என்பார்கள். கட்டெலான் கிண்டல் செய்தது பழத்தின் விலைக்கும் படைப்பின் விலைக்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கிண்டலும் ஏலத்துக்குத்தான் போனது, அதையும் சேர்த்து நண்பர் எழுதியிருக்கலாம்.