ஆக்சிலேட்டர் என்ன காலிங் பெல்லா?

ஞாயித்துக்கிழமை. ஏற்காடு மலை. இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

முன்னாடி ஒரு தம்பி. 200 சிசி வண்டி, முழங்கால் கார்டு, ஹெல்மெட் மேல கேமரா. 20 கொண்டை ஊசி வளைவையும் படம் புடிச்சு ஊருக்கே காட்டப் போறாரு. நல்லா இருக்கட்டும். ஆனா அந்த வலது கை இருக்கே, வலது கை!

இடது பக்கம் திரும்புற ஏத்த வளைவு. போர்டு இருக்கு, அம்புக்குறி இருக்கு. தம்பி மூணாவது கியர்லயே உள்ள போயிட்டாரு. பாதி வளைவுல ஞானோதயம். பட்டுனு ஆக்சிலேட்டர விட்டாரு. இன்ஜின் புடிச்சு இழுக்குது, வெயிட்டெல்லாம் முன்னாடி வருது, ஃபோர்க் (முன் சக்கரத்தோட ஷாக் அப்சார்பர்) அமுங்குது. ஏத்தத்துல வேகம் சட்டுனு செத்துடும், அதுவும் உள்பக்கம்தான் ரோடு இன்னும் செங்குத்து. வண்டி உள்ள சாயுது. பயத்துல ஒரு முறுக்கு! லூஸா கெடந்த செயின் 'டக்'னு இறுகுது, பின் டயர் தள்ளுது, சாஞ்ச வண்டி நிமிந்து வெளிய ஓடுது. எங்க? எதிர்சாரிக்கு. அங்க யாரு? எறங்கி வர்ற பஸ். அய்யோன்னு மறுபடி விடு. மறுபடி சாயுது. மறுபடி முறுக்கு. பின்னாடி உக்காந்திருந்த பொண்ணோட ஹெல்மெட் இவர் ஹெல்மெட்ல டொக். விடு, டொக். முறுக்கு, ஆளு பின்னால போகுது. விடு, டொக். ஒரே வளைவுல இத்தனையும்! ரெண்டு வண்டிக்கு இடம் பத்தாத மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும்னு சட்டமே சொல்லுது, பஸ்காரரும் ஒதுங்கி நின்னாரு. நின்னு, ஒரு வார்த்தை பேசாம பார்த்தாரு பாருங்க ஒரு பார்வை. கேமரால அது பதிவாயிருந்தா அதை மட்டும் போடுங்க தம்பி, போதும்.

ஏங்க, இதுல என்ன பெரிய வித்தை? பிரேக்கு, கியரு எல்லாம் வளைவுக்கு முன்னாடி, வண்டி நேரா இருக்கும்போதே முடிச்சிடணும். ரெண்டாவது கியர். முதல் கியர்ல கை நூலளவு அசைஞ்சாலும் வண்டி துள்ளும், அதனால வண்டி திணறினா மட்டும் அது. சாய்க்கும்போதே ஆக்சிலேட்டர மெல்லத் தொட்டுப் புடிக்கணும், செயின் லூஸ் இறுகுற அளவுக்கு மட்டும். அப்படியே புடிச்சிருக்கணும். வளைவு முடியுற இடம் கண்ணுல பட்டதும், வண்டி நிமிர நிமிர, கொஞ்சங் கொஞ்சமா கூட்டணும். வேகம் ஒரு பொடி கூடுதலா இருக்கா? ஆக்சிலேட்டர விடாம பின் பிரேக்கை லேசா தடவுங்க, அடங்கிடும். எறங்கும்போதும் இதே கதைதான். கிளட்ச்சைப் புடிச்சுக்கிட்டு உருட்டுறவங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும், விடுங்க.

அப்புறம் அந்தக் கை. ஒடம்பு வெயிட்டையெல்லாம் ஹேண்டில்பார் மேல போட்டா, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கை தானா முறுக்கத்தான் செய்யும். முட்டியால டேங்க்கைக் கவ்வுங்க, முழங்கையை லூஸா விடுங்க. அவ்ளோதான்.

மேல போய் டீ குடிக்கும்போது சொல்ற டயலாக் இன்னும் கொடுமை: "இன்ஜெக்ஷன் வண்டின்னாலே குலுக்கும் ப்ரோ, ரீமேப் பண்ணணும்." இன்ஜெக்ஷன்னா, கார்புரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு பெட்ரோல் பீச்சுறது. ரீமேப்னா, அந்தக் கணக்கை மாத்துறது. ஆக்சிலேட்டர மூடுன நிலையிலேர்ந்து திறக்கும்போது இன்ஜெக்ஷன் கொஞ்சம் வெடுக்குங்கும், வாஸ்தவம். அதுக்குத்தான் முழுசா மூடாதேன்னு கத்துறோம்! மொதல்ல செயினைப் பாரு ராசா. எவ்ளோ லூஸ் இருக்கணும்னு பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும், இந்த மாதிரி வண்டிக்கு பெரும்பாலும் 20-லேர்ந்து 30 மில்லிமீட்டர். உன் செயின் தரையில கோலம் போடுது. ஆக்சிலேட்டர் கேபிள்ல ரெண்டு மூணு மில்லிமீட்டர் பிளே (கேபிள் இழுக்குறதுக்கு முன்னாடி கை சும்மா சுத்துற அளவு) போதும். அதுக்கு மேல இருந்தா, நீ முறுக்குறது ஒரு நேரம், வண்டி கேக்குறது ஒரு நேரம். டைட்டாவும் வைக்காதே: ஐடிலிங்ல விட்டு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாரு, ரேஸ் ஏறுச்சுன்னா கேபிள் இழுக்குதுன்னு அர்த்தம். கொண்டை ஊசி வளைவுல அது தானா ரேஸ் குடுக்கும், அப்ப ரீமேப் பண்ணவரு வந்து புடிக்க மாட்டாரு. ஸ்பேனர் செலவுல முடியுற வேலைக்கு லேப்டாப்போட ஆள் தேடுறானுங்க. சைலன்சர் மாத்தக் காசு இருக்கு, செயினுக்கு எண்ணெய் விட நேரமில்ல.

இந்தக் கடுப்போட கீழ சேலத்துக்கு எறங்கி, சரி, ஒரு தட்டுவடை செட்டாவது சாப்பிடலாம்னா, மேல மயோனைஸ் ஊத்துறாங்க. டேய், ரெண்டு தட்டுவடை, நடுவுல பீட்ரூட்டு, கேரட்டு, காரச் சட்னி, புதினாச் சட்னி. முடிஞ்சுது செட்டு! மயோனைஸை எவன்டா கேட்டான்? "முட்டை இல்லாததுங்கண்ணா"ன்னு சமாதானம் வேற. அதுவாடா பிரச்சனை!