இரண்டு எழுத்து, இரண்டும் பிழை

மாமனார்: மாப்பிள்ளை, காலையில் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். பத்தி பிரித்து, ஒற்று மிகும் இடம் மிகா இடம் எல்லாம் பார்த்து எழுதியது. பதிலுக்கு வெறும் "ஓ.கே." போட்டிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: சம்மதம் என்றுதான் அர்த்தம், மாமா.

மாமனார்: படித்தீர்களா என்பதே அதில் தெரியவில்லையே! பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதற்கு விரிவு என்ன, சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: ஆல் கரெக்ட். எல்லாம் சரி.

மாமனார்: அது ஏ.சி. அல்லவா?

மாப்பிள்ளை: அங்கேதான் வேடிக்கை. 1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு. வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதற்கும் ஒரு சுருக்கம் போடுவார்கள். ஆல் ரைட் என்பதை "ஓல் ரைட்" (oll wright) என்று எழுதி ஓ.டபிள்யூ. ஆக்கினார்கள். ஆல் கரெக்ட், "ஓல் கொரெக்ட்" (oll korrect) ஆகி ஓ.கே. ஆயிற்று. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட்டில் அச்சேறியது.

மாமனார்: எல்லாம் சரி என்று சொல்ல இரண்டே எழுத்து, இரண்டும் பிழை! அன்றைக்குப் பிழைதிருத்துநர் விடுப்பா?

மாப்பிள்ளை: மற்ற சுருக்கங்கள் மறைந்துபோயின. இதை அரசியல் காப்பாற்றியது. மறு ஆண்டே அதிபர் தேர்தல். பதவியில் இருந்த மார்ட்டின் வான் பியூரனுக்குச் சொந்த ஊர் கிண்டர்ஹூக். "ஓல்டு கிண்டர்ஹூக்" என்ற பட்டப்பெயரும் ஓ.கே. என்று பொருந்தவே, ஆதரவாளர்கள் ஓ.கே. மன்றமே தொடங்கிவிட்டார்கள்.

மாமனார்: ஜெயித்தாரா?

மாப்பிள்ளை: தோற்றார்.

மாமனார்: பிழையோடு வாக்குக் கேட்டால் வேறென்ன நடக்கும்?

மாப்பிள்ளை: எதிர்த்தரப்பும் அதைத்தான் பிடித்துக்கொண்டது. முன்னாள் அதிபர் ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர் கோப்பில் கிறுக்கியதுதான் ஓ.கே. என்று கதை கட்டிவிட்டார்கள். 1960களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழி ஆய்வாளர் பழைய பத்திரிகைகளைப் புரட்டித்தான் உண்மையை வெளிக்கொண்டுவந்தார்.

மாமனார்: இப்போதாவது ஒரே பொருளில் நிற்கிறதா?

மாப்பிள்ளை: எங்கே! தடுக்கி விழுந்தவரிடம் கேட்டால், "அடிபடவில்லையே?" சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால், "சுமார்." இழுத்துச் சொன்னால், "நம்பவில்லை, மேலே சொல்." வெறும் "கே" மட்டும் வந்தால்...

மாமனார்: "ஓ" எங்கே போயிற்று?

மாப்பிள்ளை: கோபம் விழுங்கிவிட்டது. உங்கள் மகள் அப்படித்தான் அனுப்புவாள்.

மாமனார்: கொடுத்துவைத்தவர் நீங்கள். உங்கள் அத்தை நீல டிக்கோடு நிறுத்திக்கொள்வாள்.