ரியல் எஸ்டேட்டில் "மாசச் சம்பளம்" தேடுகிறவர்களுக்கு

ரியல் எஸ்டேட் கம்பெனியில் வேலை, மாசம் 20,000, பெட்ரோல் காசு தனி, சேரலாமா அக்கா என்று இன்பாக்ஸில் கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். தனியார் பள்ளி டீச்சர் வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலில் இதே துறையில் சம்பளத்துக்கு இருப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபப்படக் கூடாது.

அந்த 20,000 எப்போது கைக்கு வரும் என்று முதலில் கேளுங்கள். ரெண்டு மனை விற்றால் முழுசாக வரும், ஒன்று விற்றால் பாதி, ஒன்றுமே போகவில்லை என்றால் "அடுத்த மாசம் சேர்த்துப் பார்க்கலாம்" என்பார்கள். புரோக்கர் அண்ணாச்சி மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போடலாம், நீங்கள் காலை ஒன்பதரைக்கு விரல் வைத்தே ஆகவேண்டும், வருமானம் மட்டும் அவருக்கு வருவது மாதிரியேதான் வரும். முதல் மாசம் யாரிடம் விற்பீர்கள்? துபாயில் இருக்கும் மச்சான், ரிட்டயர்மென்ட் பணம் வந்த சித்தப்பா, கூடப் படித்தவள். கம்பெனிக்கு வேண்டியதே உங்கள் போனில் இருக்கும் அந்த நம்பர்கள்தான் மக்கா. நாளைக்கு மனையில் ஏதாவது சிக்கல் என்றால் கல்யாண வீட்டுப் பந்தியில் சித்தப்பா பிடிப்பது உங்கள் சட்டையை, முதலாளி சட்டையை அல்ல.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவை ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது என்று 2016 சட்டம் சொல்கிறது. இன்டர்வியூவிலேயே அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், அதற்கே முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம்.

நான் பார்ப்பது பத்திர வேலை. நம் கன்னியாகுமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, அதனால் மூலப்பத்திரம் (சொத்தின் பழைய ஆதாரப் பத்திரம்) பல மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும் (825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருஷம் வரும்), பழைய சர்வே எண்ணுக்கும் ரீசர்வே எண்ணுக்கும் முடிச்சுப் போடுவதற்குள் கண் பூத்துவிடும். கொஞ்ச நாள் முன்பு விளவங்கோடு பக்கம் 40 சென்ட் ஃபைல் ஒன்று வந்தது. பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் சுத்தம். மூலப்பத்திரம் மட்டும் மடிப்பு மடிப்பாகப் பிய்ந்து, மலையாளத்தில். களியக்காவிளைப் பக்கம் வளர்ந்ததால் எனக்கு வாசிக்க வரும். அக்காள் தங்கை மூன்று பேருக்கும் அதில் பங்கு இருக்கிறது, ஆனால் ஒருத்தியின் வாரிசுகள் பின்னால் வந்த எந்தப் பத்திரத்திலும் கையெழுத்தே போடவில்லை. ஆன்லைனில் எடுத்த வில்லங்கம் அந்தப் பத்திரத்தின் காலம் வரை போகவில்லை, அதில் இது எப்படித் தெரியும்?

கிரயம் நின்றது. அட்வான்ஸ் வரை பேசி முடித்திருந்த விற்பனைப் பையன்களுக்கு என்மேல் செம கடுப்பு, அதுவும் நியாயம்தான், அவர்களுக்கு அந்த மாசம் போச்சு. எனக்குச் சம்பளம் வந்தது. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பத்திரத்தை அவ்வளவு பொறுமையாக வாசித்திருப்பேனா, சந்தேகம்தான். அதனால்தான் சொல்கிறேன், இந்தத் துறைக்கு வருவதானால் விற்பனையோடு சம்பளத்தை முடிச்சுப் போடாத வேலையாகப் பாருங்கள்: பத்திரம், அப்ரூவல், சைட் சூப்பர்வைசர், கணக்கு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில் வாங்குங்கள், 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் பிஎஃப் உண்டா என்றும் கேளுங்கள்.

பள்ளியில் வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வாங்குகிறேன். ஞாயிறு லீவு கிடையாது, சைட் பார்க்க ஆள் வருவதே அன்றைக்குத்தான். இதெல்லாம் சரி என்றால் வாருங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பயோடேட்டாவை எனக்கு அனுப்புங்கள், எங்கள் ஆபீசில் ஓர் ஆள் தேவைப்படுகிறது.