அம்மாச்சி நைட்டியில்தான் நின்றார்

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளில் எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் “இது உங்க ஏரியாதானே?” என்று கேட்டுச் சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தார்கள். ஆமாம், எங்க ஏரியாதான். மதுரை மேல மாசி வீதி, மீனாட்சி கோயில் சித்திரைத் திருவிழா, சாமி காலைப் புறப்பாடு. நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் பால் பாக்கெட்டோடு நிற்கிற கிழவி எங்கள் சந்து அம்மாச்சி.

“சாமி வருகிற தெருவில் நிற்கிற லட்சணத்தைப் பாருங்கள், புனிதமே போச்சு” என்று பின்னால் ஒரு குரல். கூடவே சோக வயலின். மொத்தம் முப்பது விநாடி. கீழே கருத்துச் சொன்ன பக்திச் செம்மல்களைப் பற்றிப் பேசினால் பதிவு நீண்டுவிடும். எப்படியும் நீளத்தான் போகிறது, அது வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அது கோயில் தெருதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்தத் தெருவில் வீடு இருக்கிறது. வீடு என்று இருந்தால் ஆள் இருப்பார்கள். ஆள் இருந்தால் காலையில் பால் வாங்கப் போவார்கள். பால் வாங்கப் போகிறவர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போக மாட்டார். இதை விளக்கிச் சொல்ல வேண்டிய நிலைமை வந்ததுதான் எனக்கு வருத்தம்.

நான் பிறந்து வளர்ந்தது மேல ஆவணி மூல வீதியிலிருந்து பிரிந்து மேல மாசி வீதிக்குப் போகிற ஒரு சந்தில். அப்பாவுக்குத் தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு சின்ன நகைப்பட்டறையில் வேலை. விடியற்காலையில் அந்தத் தெருவில் போனால் சில பேர் கடை வாசல் புழுதியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருப்பார்கள். பட்டறைகளிலிருந்து காலோடு வந்து உதிர்ந்த பொன்துகளைச் சலித்தெடுக்கத்தான். கோயில் தெருவின் குப்பையிலும் பொன் உண்டு என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். குப்பையும் உண்டு என்பதை அவர் மறுத்ததில்லை.

எங்களுக்குச் சாமி வருவது முதலில் காதில்தான் விழும். சாமிக்கு முன்னால் வருகிற டங்கா மாட்டின் மேல் அடிக்கிற முரசுச் சத்தம் வீதி திரும்பியதும் சந்துக்குள் வந்துவிடும். உடனே போட்டது போட்டபடி ஓட வேண்டும். நான் வாயில் பல்பசை நுரையோடு ஓடியிருக்கிறேன். அம்மா ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மாவுக் கையோடு வருவார். எதிர்வீட்டு மாமா கைலியை மடித்துக் கட்டி நிற்பார். பல்லக்குக் கண்ணில் பட்டதும் கைலியை இறக்கிவிடுவார். அவ்வளவுதான். அந்த ஒரு அசைவுதான் எங்கள் தெருவின் மரியாதை. அதைவிடப் பெரிய மரியாதையை நான் அப்புறம் எந்தச் சிறப்பு தரிசன வரிசையிலும் பார்த்ததில்லை.

அந்த வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். அம்மாச்சியின் செருப்பு ஒரு அடி தள்ளிச் சாக்கடை மூடி ஓரமாகக் கிடக்கிறது. கழற்றிவிட்டுத்தான் நிற்கிறார். பால் பாக்கெட்டை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் சேர்க்கப் பார்க்கிறார். சேரவில்லை. குரல் கொடுத்த புண்ணியவானுக்கு நைட்டியில் இருந்த பூப்போட்ட டிசைன் தெரிந்திருக்கிறது, இது தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கு ஏன் சேலை கட்ட முடியவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. காரணம் சொன்னால் “அய்யோ பாவம்” என்று மன்னிப்பு வழங்குவீர்கள். யாருக்கு வேண்டும் உங்கள் மன்னிப்பு? தோள்பட்டை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறது, கை மேலே ஏறாது. சொல்லிவிட்டேன் பாருங்கள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். தோள் நன்றாக இருந்து, வெறும் சோம்பலில் நைட்டியோடு வந்திருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன்.

“கோயிலுக்கு உடைக் கட்டுப்பாடு இல்லையா?” என்று ஒருவர் கேட்பார். தெரியும். 2016 தொடக்கத்தில் உடைக் கட்டுப்பாடு பெரிய பேச்சாக இருந்தபோதும் அது கோயிலுக்குள் நுழைகிறவர்களுக்குத்தான். அம்மாச்சி கோயிலுக்குப் போகவில்லை ஐயா. கோயில்தான் அவர் தெருவுக்கு வந்தது. வருஷா வருஷம் வருகிறது. நம் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் நாம் எப்படி இருக்கிறோமோ அப்படித்தான் பார்ப்பார்கள். அதற்குப் பெயர்தான் வீதியுலா.

“பொது இடம், யாரும் படம் எடுக்கலாம்” என்று இன்னொருவர். எடுங்கள். உங்கள் பாட்டி பால் வாங்கப் போகும்போது நானும் வந்து எடுக்கிறேன், வயலின் நானே போட்டுக்கொள்கிறேன்.

“தெருக்காரர்கள் மட்டும் ஒழுங்கா? எச்சில் இலையைத் தெருவில் போடுவதில்லையா, வாசலில் வண்டியை நிறுத்தி வழியை மறிப்பதில்லையா?” போடுகிறார்கள், மறிக்கிறார்கள். தப்புத்தான். அதைப் படம் எடுத்துப் போட்டிருந்தால் நானே பகிர்ந்திருப்பேன். நாம் பேசுவது அதையல்ல.

இந்தப் ‘புனிதம்’ என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், சாதியைச் சொல்லி அதுவரை உள்ளே விடாமல் வைத்திருந்த கக்கன் உள்ளிட்டோரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துக்கொண்டு போனபோதும் இதே புலம்பல்தான். அம்மன் கோயிலை விட்டே போய்விட்டாள் என்றுகூடச் சொன்னார்கள். அவள் எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருக்கிறாள். சித்திரையில் முடிசூடி ஆவணி வரை ஊரை ஆளுகிறாள். இதையும் நைட்டியையும் ஒப்பிடலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். இரண்டும் ஒரே எடை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் எங்கே எப்படி நிற்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொல்கிற அந்தக் குரல் எனக்குக் கேட்ட குரலாக இருக்கிறது.

மதுரையில் ஆவணி மாதம் பிட்டுத் திருவிழா நடக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணை போட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சிவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டு எல்லாம் எனக்கு என்று பேரம் பேசி, தின்றுவிட்டு, மண் சுமக்காமல் படுத்துத் தூங்கி, பிரம்படி வாங்கினார். அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. இன்றைக்கும் அந்த நாளில் சுவாமியும் அம்மனும் பிட்டுத்தோப்புக்குக் கிளம்பிப் போவார்கள், திரும்பி வரும்வரை கோயில் நடை சாத்தியிருக்கும். ஒரு கிழவி வீட்டு வேலைக்காக மொத்தக் கோயிலும் பூட்டிக்கொண்டு போகிற ஊர் இது. வந்தி என்ன உடுத்தியிருந்தாள் என்று சொக்கன் கேட்டாரா? அடுப்புப் புகையில் நின்ற கிழவி பட்டா கட்டியிருப்பாள்?

எங்களுக்கும் அம்மனுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் கல்யாணச் சாப்பாடு நடக்கும். போய்ச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். அப்பா 101 ரூபாய் எழுதுவார். ஒரு வருஷம் பட்டறையில் வேலையே இல்லை, 51 எழுதினார். வீட்டுக்கு வந்து, “அவளுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். இது பக்தியா, உறவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பிரிக்கத் தெரிந்தவர்கள்தான் வீடியோ போடுகிறார்கள்.

என் அப்பத்தா கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். சித்திரை வந்தது. அப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் கட்டிலோடு தூக்கிச் சந்து முனையில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்பத்தா போட்டிருந்தது அப்பாவின் பழைய சட்டை. கழற்றி மாட்ட வசதி என்று அம்மா அதைத்தான் போட்டுவிடுவார். கீழே ஒரு பாவாடை, மேலே போர்வை. பல்லக்கு வந்தது. நாங்கள் கும்பிடுகிறோம். அப்பத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “நேத்துக் கட்டுன பச்சைதான் அவளுக்கு எடுப்பா இருந்துச்சு” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பத்தா சிரிக்கவில்லை, சேலையைப் பற்றி உண்மையாகவே வருத்தப்பட்டார். அன்றைக்கு யாராவது செல்போனோடு அங்கே நின்றிருந்தால் அதுவும் வந்திருக்கும், ஆம்பளைச் சட்டை போட்ட கிழவி, புனிதம் போச்சு.

அந்தச் சந்தில் இப்போது நாங்கள் இல்லை. அப்பா போனபிறகு வீட்டைக் கொடுத்துவிட்டோம். வாங்கியவர் இடித்துவிட்டுத் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார். பக்கத்து வீடு ஒன்று துணிமூட்டைக் கிட்டங்கி ஆகிவிட்டது. எதிர்வீட்டு மாமா பையன் ஊருக்கு வெளியே வீடு கட்டி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருக்கிற நாலைந்து குடும்பத்தில் அம்மாச்சி ஒருவர். சொந்த வீட்டுக்கு மளிகைச் சாமான் ஏற்றிய ஆட்டோவைக் கொண்டுபோகத் திருவிழா நாளில் தடுப்புக்குத் தடுப்பு விளக்கம் சொல்லிக்கொண்டு வாழ்கிறவர். எல்லாரும் போனபிறகும் அங்கேயே இருந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர். அவரைத்தான் கோயில் தெருவுக்கு லாயக்கில்லாதவர் என்கிறீர்கள். அவரும் போய்விட்டால் சாமி யார் வாசலுக்கு வரும்? விடுதிக் கதவுக்கா?

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. இப்போது நானும் 100 ரூபாய் டிக்கெட் எடுத்து உள்ளே போகிற ஆள்தான். போன வருஷம் புறப்பாட்டுக்குப் போனேன். டங்கா சத்தம் கேட்டதும் என் கை தானாகப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. பக்கத்தில் அம்மாச்சி, “ஏத்தா, கும்பிட்டுட்டுப் படம் பிடியேன்” என்றார். எனக்கு வந்த வெட்கத்தை இங்கே எழுத முடியாது. அம்மாச்சி அன்றைக்கும் நைட்டியில்தான் இருந்தார்.

நேற்று ராத்திரி அவருக்குப் போன் போட்டேன். தெரியாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேதான் போட்டேன். தெரிந்திருந்தது. பேரன் காட்டிவிட்டானாம். எனக்குப் பேச்சு வரவில்லை. விடு அம்மாச்சி, அவனுங்க கிடக்கானுங்க என்று என்னவோ உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியலத்தா, அந்தச் சின்ன டப்பாவுல. அம்மன் நல்லா விழுந்திருக்காளா?”

போனைப் பிடித்தபடியே வீட்டுக்காரரின் போனில் அந்த வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன். முப்பது விநாடியும் பார்த்தேன். அம்மாச்சியின் முகம், நைட்டி, பால் பாக்கெட், மறுபடியும் நைட்டி. அம்மன் எங்கேயும் இல்லை. கடைசியில் ஓரமாக வெண்குடையின் குஞ்சம் மட்டும் ஒரு நொடி ஆடிவிட்டுப் போகிறது.

“விழுந்திருக்கு அம்மாச்சி. நல்லா விழுந்திருக்கு” என்றேன்.

“என்ன கலரு கட்டியிருந்தா?”

“பச்சை” என்று சொல்லிவிட்டேன்.