எல்க் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி?

அக்டோபர் நெருங்கினாலே, "அண்ணா, எல்க்குக்கு .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கிடலாமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். எல்க் என்பது பெரிய மான் வகை; .300 என்பது பலமான ஒரு தோட்டா ரகம். அமெரிக்காவின் கொலராடோவுக்குக் குடிவந்து வேட்டை பழகும் தம்பிகளுக்கு என் பதில்: அந்தத் தோட்டா போடும் துப்பாக்கி முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

நான் கடைக்காரர் பேச்சைக் கேட்டு அதைத்தான் வாங்கினேன். சுடும்போது அது தோளில் உதைக்கும் உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும்போதே கண்ணை மூடும் பழக்கம் வந்துவிட்டது. கன்னிசன் பக்கத்து மலையில் ஓர் ஆண் எல்க்கைச் சுட்டேன்; குடலில் பட்டது. இருட்டும்வரை ரத்தத் தடம் பார்த்துத் தேடினோம். மறுநாளும் தேடினோம். கிடைக்கவில்லை. எங்கே கிடந்து எவ்வளவு நேரம் துடித்ததோ, இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது .30-06 ரகத் துப்பாக்கி. அதில் போடுவது 1906இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. எனக்கு இதன் உதை தாங்குகிறது, குறி தப்புவதில்லை. .270 கூடத் தாராளமாகப் போதும்.

துப்பாக்கியைவிட, தோட்டாவின் முனையிலிருந்து பாயும் குண்டுக்குத்தான் யோசிக்க வேண்டும். ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், தோள் எலும்பு அவ்வளவு தடிமன். சாதாரணக் குண்டு அங்கேயே சிதறிவிடும். இதே மாதிரி ஒரு மூஸிடம் (இதுவும் பெரிய மான் வகை) குண்டு தோற்றுப்போனதால்தான் ஜான் நாஸ்லர், நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் உள்ளே போகும். நான் போடுவது 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்). கொலராடோ சட்டப்படி எல்க்குக்கு 85 கிரெய்னே போதும். அதைக் குறைந்தபட்ச வரம்பாக மட்டும் பாருங்கள்.

துப்பாக்கியின் எடை? ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கியோடு) மூன்றரை கிலோ. 3,000 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும்போது இதுவே கனக்கும். ஆனால் இன்னும் இலேசாக எடுத்தால் உதை கூடிவிடும்.

அப்புறம், சரிவு. 30 டிகிரிச் சரிவில் எல்க் 300 கஜத்தில் நிற்கிறது என்றால், 260 கஜத்துக்கு வைப்பதுபோலக் குறி வையுங்கள். கிடைமட்டத் தூரம் அவ்வளவுதான். 300க்கு வைத்தால் குண்டு மேலே போய்விடும்; ஏறிச் சுட்டாலும் இறங்கிச் சுட்டாலும் இதே கணக்குதான்.

வேட்டைக்கு வாங்கும் தோட்டாவிலேயே நாலு பெட்டி பயிற்சிக்கும் வாங்குங்கள். மேசையில் சாய்ந்து சுட்டுப் பழகினால் மலையில் உதவாது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, முதுகுப்பையில் துப்பாக்கியைச் சாய்த்து, சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்தில் ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் எந்தத் தூரம்வரை உள்ளே விழுகிறதோ, அதைத் தாண்டிச் சுடாதீர்கள். எனக்கு அது 250 கஜம். போன வருஷம் 400 கஜத்தில் அருமையான எல்க் ஒன்று நின்றது. சுடாமல் இறங்கி வந்தேன்.