மெடிக்கல் கொடுக்கத் தெரிந்த வீடு

படித்த பெற்றோரின் பிள்ளைகள் பல்கலைக்கழக முதல் வருடத்தில் நன்றாகச் செய்கிறார்கள், வீட்டில் புத்தகங்கள் இருப்பதே காரணம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. நன்றாகச் செய்கிறார்கள் என்பது சரிதான். ஆனால் காரணத்தை வீட்டுப் புத்தக அலுமாரியில் தேடுவதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைப் பிள்ளை ஒன்று. தகப்பன் வயல் வேலை, தாய் ஐந்தாம் வகுப்பு. முதல் செமஸ்டர் பரீட்சையன்று கடும் காய்ச்சல். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். மருத்துவச் சான்றிதழை, அதாவது 'மெடிக்கலை', உரிய நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது. பிறகென்ன, ரிப்பீட்; அதே பரீட்சையைத் திரும்ப எழுத வேண்டும். அதில் எவ்வளவு எழுதினாலும் 'சி'க்கு மேல் கிடையாதாம். அவளுடைய அறைத்தோழி ஒரு ஆசிரியரின் மகள். அவளுக்கும் அதே காய்ச்சல். தகப்பன் ஒரு கோல் எடுத்தார், அன்றைக்கே மெடிக்கல் போய்விட்டது. இதில் மூளைக்கு என்ன வேலை?

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு; மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் உண்டு. உள்ளே போக வழி இருக்கிறது. போன பிறகுதான் இந்த விதிகளைச் சொல்லித் தர வீட்டில் ஆளில்லை. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகமோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ, முதல் வாரமே பெற்றோரையும் கூப்பிட்டு, பரீட்சை விதிகளைத் தமிழில் ஒரு தாளில் அடித்துக் கொடுக்கலாமே.